நான்சி உட்கார்ந்த இடங்கள்

முதல் பையை நான்சி மோந்து பார்த்தாள், ஒன்றுமில்லை என்று நகர்ந்தாள், இரண்டாவதிலும் மூக்கைத் தேய்த்துவிட்டு நகர்ந்தாள், அவளுக்கென்ன, அவள் பாட்டுக்குப் போகிறாள், பின்னால் வாரைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் அல்லவா நாய் படாத பாடு படுகிறான். அய்யாத்துரை ஏட்டுக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது. வேர்க்கட்டும், வேர்வை வார் வழியாக நாய்க்குப் போகாது, இறுக்கம்தான் போகும் என்று நாய் பழக்குகிற மாஸ்டர் சொல்லியிருக்கிறார், ஆகவே இரண்டு விரலில், பூ பிடிக்கிற மாதிரி. ஆயுதப்படை மைதானத்தில் பை, பெட்டி, சாக்கு, அட்டைப்பெட்டி என்று முப்பது சாமான்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றில் மட்டும் வெடிமருந்துப் பொட்டலம். எதில் என்று அய்யாத்துரைக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. நான்சி அதன் முன்னால் போய் உட்கார வேண்டும், குரைக்காமல், பிராண்டாமல், சும்மா உட்கார வேண்டும், வெடி தேடுகிற நாய்க்குச் சொல்லிக்கொடுத்த பாஷை அதுதான். வேறு எதன் முன்னாலாவது உட்கார்ந்தாளோ, தீர்ந்தது. பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் டி.எஸ்.பி. ஒரு கையெழுத்துப் போடுவார், இன்று சாயங்காலமே நான்சியைப் படையிலிருந்து கழித்துவிடுவார்கள், கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள், அய்யாத்துரை கருவூல வாசலில் துப்பாக்கியோடு நிற்கப் போய்விடுவான். துப்பாக்கி பிடிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் ஆறு வருஷமாகக் காலையில் கூண்டைத் திறந்ததும் இந்தக் கழுதை முழங்காலில் வந்து முட்டுமே, அந்த முட்டு இல்லாமல் எப்படி விடியும்? மூன்றாவது பை. நான்காவது. மேலே பார்க்காதே, அய்யாத்துரை, வரிசையின் அந்தக் கோடியைப் பார்க்காதே, அங்கே எங்கேயோ அது இருக்கிறது, வரும்போது வரட்டும்.

அது என்றால் ஒரு டிபன் கேரியர். மூன்று அடுக்கு, எவர்சில்வர். சிரிப்பாகத்தான் இருக்கும், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் ஆன போலீஸ்காரனுக்கு டிபன் கேரியர் என்றால் பயம் என்று சொன்னால் யார்தான் சிரிக்கமாட்டார்கள், இந்த வருஷம் தை மாசம் வரை அவனுக்கே அது தெரியாதே! தை மாசம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சுக்கு அடியில் கேரியர் இருந்தது, நான்சி அதன் முன்னால் உட்கார்ந்தாள், திறந்து பார்த்தால் பழைய சோறும் சுண்ட வைத்த குழம்பும். சரி, நாய்க்கும் ஒரு நாள் சறுக்கும். அடுத்து கோர்ட் வராண்டாவில், ஒரு குமாஸ்தாவின் கேரியர். சப்-இன்ஸ்பெக்டர் லூர்து முறைத்தார், எழுதவில்லை, மனுஷன் நல்லா இருக்கணும். மூன்றாவதுதான் மானம் போனது. மந்திரி வருகிற திறப்பு விழாப் பந்தல், ஆயிரம் பேர், மேளக்காரர் ஒருவரின் கேரியர் முன்னால் நான்சி ராணி மாதிரி உட்கார்ந்துவிட்டாள். பந்தலைக் காலி பண்ணி, மந்திரி காரை நடுரோட்டில் நிறுத்தி, வெடி அகற்றுகிற ஆட்கள் கவசம் மாட்டிக்கொண்டு குப்புறப் படுத்து ஒன்றரை மணி நேரம் பாடுபட்டுத் திறந்தார்கள். எலுமிச்சம்பழச் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், நல்ல மணம். அன்றிலிருந்து போலீஸ் லைனில் அவனுக்கு ‘லெமன் சாதம் ஏட்டு’ என்று பெயர். வீட்டில் பெண்டாட்டி மாரிசெல்விகூட எலுமிச்சம்பழம் வாங்குவதை நிறுத்திவிட்டாள், பாவம், அவளாக யோசித்து நிறுத்தினாள். ஏழு, எட்டு. எட்டாவது ஒரு சிமெண்டு சாக்கு, நான்சி தும்மினாள்.

அப்போதுதான் சுந்தரராஜ் மாஸ்டரை வரவழைத்தார்கள். பட்டாளத்தில் நாய் பழக்கியவர், எழுபது வயசு, பேசுவதெல்லாம் நாயிடம்தான், மனுஷனிடம் உறுமல்தான். ஒரு நாள் முழுக்க அய்யாத்துரையை நான்சியோடு நடக்கவிட்டுப் பார்த்தார். சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே சொன்னார், “நாய் சரியாத்தான் இருக்கு வே. ஒம்ம கைதான் சரியில்ல. டிபன் கேரியரப் பாத்தா ஒம்ம கை இறுகுது. அது வார் வழியா அவ கழுத்துக்குப் போகுது. அவ உக்காருதா.” அய்யாத்துரைக்குக் கோபம் வந்தது. என் கை எதுக்கு இறுகணும்? “அது எனக்குத் தெரியாது. அவ குட்டியா இருக்கையில பயிற்சிக்குப் பொட்டலத்த ஒளிச்சு வெச்சது யாரு?” நான்தான். “ஆங். ஒளிச்ச எடம் தெரிஞ்சதால, கிட்ட வரும்போதெல்லாம் ஒம்ம கை தன்னால இறுகியிருக்கும். வெடி மணமும் கை இறுக்கமும் ஒண்ணா வரும், அவ உக்காருவா, நீரு பரிசா பந்தக் குடுப்பீரு. மணத்துக்கு உக்காந்தாளா, கைக்கு உக்காந்தாளான்னு அவளுக்கே தெரியாது. ரெண்டும் அவளுக்கு ஒண்ணுதான்.” இப்படி ஒரு தப்பு நாய்க்காரன் தவிர வேறு எவனால் செய்ய முடியும்! தானே ஒளித்து, தானே கண்டுபிடித்து, நாயைப் பாராட்டியிருக்கிறான். பத்தாவது பை, பதினொன்று, வார் தொய்ந்தே இருக்கிறது, நல்லது. அன்றைக்கு ராத்திரி அவனுக்குத் தூக்கம் வரவில்லை, மாஸ்டர் கேட்காமல் விட்டதுதான் குடைந்தது, கை எதுக்கு இறுகுது, கேரியரில் என்ன இருக்கிறது, சோறுதானே.

இறுகுகிற காரணத்தைத் தேடித்தான் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனான், யூனிபாரம் இல்லாமல், தலையில் துண்டு போட்டுக்கொண்டு, தெரிந்தவன் எவனும் பார்த்துவிடக் கூடாதே என்று. டாக்டர் ஹமீதா, சின்ன உருவம், மேஜையில் எப்போதும் ஒரு கொய்யாப்பழம் இருக்கும், தின்றதாகத் தெரியவில்லை. “நாய் ஒக்காந்தப்போ மனசுக்கு என்ன வந்துச்சோ அதச் சொல்லுங்க ஏட்டையா. நல்லா இருக்கணும்னு இல்ல, சம்பந்தம் இருக்கணும்னு இல்ல.” ஒன்றும் வரலையே டாக்டர். “ஒண்ணும் வரலங்கறதும் வந்ததுதான்.” இப்படி மூன்று வியாழக்கிழமை வெட்டிப்பேச்சு, பஸ் டிக்கெட்டுக்குக் கேடு என்று நினைத்தான். நாலாவது வியாழக்கிழமை, கேரியரின் கைப்பிடி கிணுக்கென்று ஆடுகிற சத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவன் சம்பந்தமே இல்லாமல் “தார் வாசனை” என்றான். “தாரா?” ரோட்டுக்குப் போடுற தார். “அப்புறம்?” ரோடு ரோலர். பச்சைக் கலர். முன்சக்கரத்துல தண்ணி சொட்டும். “நீங்க எங்க நிக்கிறீங்க?” ஓரமா. வெயில்ல. கையில கேரியர் இருக்கு, பிடி சுடுது. சொன்னவன் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டான், ஏனென்றால் அவன் அந்த ரோட்டில் நின்றதே கிடையாது, அக்காவுக்கு விபத்து நடந்த அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தான், முப்பத்தாறு வருஷமாக அவன் எல்லோரிடமும் சொல்வது அதுதான். டாக்டர் மெதுவாகக் கேட்டாள், “காய்ச்சல்னு ஒங்களுக்கு யார் சொன்னாங்க?” யாருமே சொல்லவில்லை. அவனேதான் சொல்லிக்கொண்டான்.

ஒன்பது வயசு அப்போது. அக்கா பேச்சித்தாய்க்குப் பதினேழு, சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஷெட்டில் திரி செருகுகிற வேலை. தினமும் சோறு கொண்டுபோய்க் காவல்காரரிடம் கொடுப்பது இவன் வேலை, பன்னிரண்டரைக்கு மணி அடிக்கும், அதற்குள் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்குப் புது ரோடு போடுகிறார்கள், ரோலர் வந்து நிற்கிறது, டிரைவர் இவனைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறார், ஒன்பது வயசுக்காரனுக்கு அதைவிட்டுக் கால் நகருமா, நகரவில்லை. பிறகு சத்தம் கேட்டது. பிறகு புகை. பிறகு அவன் கேரியரோடு ஓடியது, கிணுக் கிணுக் என்று, ஷெட்டுப் பக்கம் போகாமல் வீட்டுக்கு, கட்டிலுக்குக் கீழே. ஆஸ்பத்திரி வராண்டாவில் அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள், “சோறு கொண்டு போனவன் எங்கலே நின்னான்?” அவ்வளவுதான், பிறகு அவளும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை, அக்கா கட்டுப்போட்ட கையோடு ரெண்டு மாசம் கழித்து வீட்டுக்கு வந்தபோது இவன் தெருமுனையில் போய் நின்றுகொண்டான். ஷெட்டுக்குள் இருந்த நாலு பேர் வரவே இல்லை. அக்கா தினமும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவாள் என்று அவன் நினைத்திருந்தான். சோறு நேரத்துக்கு வந்திருந்தால் மரத்தடிக்குப் போயிருப்பாள், வெடிக்கிற இடத்தில் இருந்திருக்கமாட்டாள், அந்தக் கையும் கழுத்தும் வெந்திருக்காது. இவ்வளவையும் பொட்டலமாகக் கட்டி, மேலே காய்ச்சல் என்று ஒரு துணியைப் போட்டு மூடி, தானே ஒளித்து வைத்த இடத்தைத் தானே மறந்துபோனான். நான்சி மறக்கவில்லை. பதினாலு. பதினைந்து. நல்ல பிள்ளை, என் தங்கமே, மெதுவாகப் போ.

விஷயம் தெரிந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்தால், ம்ஹும், கேரியரைப் பார்த்தால் கை இறுகத்தான் செய்தது. மாஸ்டரிடம் போய்ச் சொன்னான், அவர் கதையைக் கேட்டுவிட்டு ஒரு உறுமல் உறுமி, மறுநாள் வீட்டுக் கேரியரோடு வந்துவிட்டார். மைதானத்தின் அந்தக் கோடியில் கேரியர், இந்தக் கோடியில் அய்யாத்துரை, கையில் கருப்பட்டி மிட்டாயும் சூடான டீயும். “தின்னும். அங்க பாத்துக்கிட்டே தின்னும்.” நாய்க்குச் செய்கிற வித்தையை அப்படியே ஏட்டுக்குச் செய்தார் மனுஷன்! தினமும் பத்தடி கிட்டே. கை இறுகினால் ரெண்டடி பின்னால். லைனில் பசங்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள், அய்யாத்துரைக்கு வெட்கத்தில் மிட்டாய் தொண்டையில் சிக்கும். மூன்று வாரத்தில் கேரியர் மடிக்கு வந்துவிட்டது. மாஸ்டர் சொன்னார், “பழசு அழிஞ்சிட்டுன்னு நெனைக்காதிரும். மேல புதுசு ஏறியிருக்கு, அவ்வளவுதான். என்னைக்காவது திடீர்னு திரும்ப வரும். வந்தா பதறாதிரும்.” அந்த வியாழக்கிழமை டாக்டரிடம் இதைச் சொன்னான், அவள் கொய்யாப்பழத்தை உருட்டிக்கொண்டே சிரித்தாள். “மனசு வைத்தியத்துல எங்க பெரியவர் ஒருத்தர் வியன்னாவுல ஆளப் படுக்க வெச்சுப் பேசவிட்டுக் கண்டுபிடிச்சதையே ஒங்க மாஸ்டர் மிட்டாய் குடுத்துச் சொல்றாரு. அமுக்கினது போகாது, திரும்பும்.” அப்போ ரெண்டும் ஒண்ணா டாக்டர்? “புத்தகத்துல பெரிய சண்டை ஏட்டையா. ரஷ்யாவுல ஒருத்தர் நாய்க்கு மணியடிச்சு எச்சில் ஊற வெச்சாரே, அவரோட ஆளுங்களும் எங்க ஆளுங்களும் ஒரே பெஞ்சுல உக்கார மாட்டாங்க. ஆனா பாத்தது ஒண்ணத்தான். ஒண்ணு இன்னொண்ணோட ஒட்டிக்குது, ஒட்டினது நமக்கே தெரியாது, ஒடம்பு மட்டும் அதுபடி நடக்குது. நான் பேச்சுல தேடுறேன், ஒங்க மாஸ்டர் கயித்துல தேடுறாரு.” இவர்கள் ரெண்டு பேரும் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் கண்டிப்பாகச் சண்டை போடுவார்கள். ரெண்டு பேருக்கும் அவன் மனசுக்குள் கும்பிடு போட்டுக்கொண்டான், போனவாரம் கோயிலில் சாமிக்கு முன்னால் நின்றபோதும் முதலில் வந்தது இந்த ரெண்டு முகமும்தான், சாமி கோபித்துக்கொள்ளாது.

“அக்காகிட்ட இதச் சொல்லியிருக்கீங்களா?” என்று டாக்டர் கேட்டதுதான் கடைசி. எப்படிச் சொல்வது? போனில் சொல்கிற விஷயமா? அக்கா கோவில்பட்டியில் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள், அவள் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது, போன் வந்தால் வாசலுக்கு ஓடிவந்து தெருவைப் பார்த்து நின்றுகொண்டுதான் பேசுவாள். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு கேரியரில் அதிரசமும் சீடையும் கொடுத்துவிடுவாள், இவன் தொடமாட்டான், பார் உன்னால் வெந்த கை இன்னும் உனக்குப் பலகாரம் சுடுகிறது என்று அந்தக் கேரியர் குத்திக்காட்டுவதாக ஒரு எண்ணம், ஏன் என்று தெரியாமலே. போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினான். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டான், ரோலர், தார், கட்டில், காய்ச்சல், எல்லாவற்றையும், நாற்பத்தைந்து வயசு ஏட்டு சின்னப் பிள்ளை மாதிரி மூக்கைச் சிந்திக்கொண்டு. அக்கா சுளகைக் கீழே வைத்தாள். “ஏய்யா, கிறுக்கா ஒனக்கு? மரத்தடியில உக்காந்து திங்க எவன் விட்டான்? சோறு வந்தா ஷெட்டுக்குள்ள மூலையில உக்காந்துதான திம்போம். அன்னைக்கு ஒன்னக் காணோம்னுதான கேட்டுக்கு வந்து நின்னேன். இந்தப் பய எங்க நிக்கானோ, வண்டி கிண்டி தட்டிட்டோன்னு ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கேன், பின்னால வெடிக்கு. நீ நேரத்துக்கு வந்திருந்தா நானும் அந்த நாலு பேரோட உள்ள இருந்திருப்பேன்ய்யா. ஒன்னால பொழச்சேன்னு சொல்லத்தான வருசா வருசம் கேரியர்ல பலகாரம் வெச்சு அனுப்புதேன்.” வெந்த கையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள், அந்தத் தோல் எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அந்த நாலு பேரின் பெயரையும் அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவனும் கூடவே திருப்பிச் சொன்னான். கிளம்பும்போது லெமன் சாதக் கதையைச் சொன்னான், அக்கா சிரித்துச் சிரித்து இருமிவிட்டாள்.

பதினெட்டு. அடுத்தது அதுதான். காலையில் முதல் பஸ் கண்டக்டரிடம் அக்கா கொடுத்துவிட்ட கேரியர், அய்யாத்துரையே லூர்து சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்து இதையும் வரிசையில் வையுங்க சார் என்று கேட்டான், அவர் “ஒமக்குத் தலைக்குச் சுகமில்லையா வே” என்று கேட்டுவிட்டு வைத்தார். இப்போது அது வெயிலில் பளபளக்கிறது. வந்துவிட்டது, மாஸ்டர் சொன்ன மாதிரியே திடீரென்று, மூன்று வார மிட்டாயும் எங்கே போயிற்றோ, காதுக்குள் சத்தம், கட்டிலுக்குக் கீழே இருட்டு. நான்சி கேரியரின் மூடியை மோந்தாள், நின்றாள், தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தாள். பின்னங்கால் லேசாக மடிகிறது. ஐயோ, வேண்டாம்மா. பதறாதே, பதறாதே, பழசு திரும்ப வருகிறது, வரட்டும், அதற்குப் பெயர் இருக்கிறது இப்போது, தார், ரோலர், பன்னிரண்டரை, விரலைத் தளர்த்து, மூச்சை விடு, அக்கா ஷெட்டுக்குள் இல்லை, அக்கா கேட்டில் நிற்கிறாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், இந்தப் பய எங்க நிக்கானோ என்று கவலைப்பட்டுக்கொண்டு நிற்கிறாள், உயிரோடு நிற்கிறாள். வார் தொய்ந்து தரையைத் தொட்டது. நான்சி இன்னும் ஒரு விநாடி அவனைப் பார்த்தாள். பிறகு மடித்த காலை நிமிர்த்திக்கொண்டு இருபதாவது பைக்குப் போனாள்.

இருபத்தாறாவது ஒரு பழைய தகரப் பெட்டி. அய்யாத்துரை அப்போது எதையும் நினைக்கவில்லை, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வரிசையே சரியாகத் தெரியவில்லை, அவள் உட்கார்ந்ததை வார் இழுபட்ட பிறகுதான் பார்த்தான். குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பந்தலுக்குக் கீழே டி.எஸ்.பி. தலையாட்டினார், லூர்து சார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார், அது அவருக்குச் சந்தோஷம். அய்யாத்துரை சட்டைப்பையில் இருந்து பந்தை எடுத்துப் போட்டான், நான்சி மைதானத்தையே கலக்கினாள். நீ மட்டும் அன்றைக்கு அந்தப் பந்தலில் ஆயிரம் பேர் முன்னால் உட்கார்ந்து என் மானத்தை வாங்காமல் இருந்திருந்தால், நான் சாகிற வரைக்கும் காய்ச்சல்காரனாகவே இருந்திருப்பேன் தாயி, உனக்கு நான் என்ன செய்வேன்? கேரியரை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிடி சுட்டது, வெயிலில் இருந்ததால். முதல் அடுக்கைத் திறந்தான், எலுமிச்சம்பழச் சாதம். அக்காவுக்குத்தான் எவ்வளவு குசும்பு! ரெண்டாவதில் உருளைக்கிழங்கு, மூன்றாவதில் கருப்பட்டி ஒரு துண்டு. நான்சி பந்தைப் போட்டுவிட்டு வந்து கேரியருக்கு முன்னால் உட்கார்ந்தாள், யாரும் ஓடவில்லை, அவளுக்கும் ஒரு உருண்டை வைத்தான். கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துத் தின்றுவிட்டுக் கையைக் கழுவாமலே இடது கையால் போன் போட்டான். ரொம்ப நேரம் அடித்தது, அடுப்படியில் இருந்து வர வேண்டுமே, பிறகு மூச்சு வாங்குகிற சத்தம், தெருவில் எங்கோ ஒரு சேவல்.

“அக்கா, சாப்புட்டேன்க்கா. ரொம்ப லேட்டாயிட்டு.”

“இருக்கட்டும்ய்யா, அதுக்கென்ன,” என்றாள் அக்கா. “நான் வாசல்லதான நிக்கேன்.”